விளையாட்டுவழிக் கருத்தறிதல்

விளையாட்டுவழிக் கருத்தறிதல் என்பது, குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் ஓர் இடம், பாடம், பொருள் அல்லது திட்டம் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை விளையாட்டுத் தன்மை கொண்ட செயல்களின் ஊடாக அறியும் முறைகளின் தொகுப்பு ஆகும். வினாத்தாளுக்கும் நேர்காணலுக்கும் மாற்றாகவோ துணையாகவோ இம்முறைகள் கையாளப்படுகின்றன. தரையில் வரைதல், விதை வைத்தல், பொம்மையுடன் பேசுதல், விடுகதை, நடைவலம், முகப்படங்களைத் தெரிவு செய்தல் முதலியன இவற்றுள் அடங்கும். கல்வியியல், குழந்தை உரிமைப் பணி, ஊரக வளர்ச்சி, கணினி இடைமுக வடிவமைப்பு ஆகிய துறைகள் ஒன்றையொன்று அதிகம் அறியாமலேயே இம்முறைகளை வளர்த்தெடுத்தன.

இக்கட்டுரை விருதுநகர் மாவட்டத்தையும் சிவகாசிப் பட்டாசுத் தொழிற்பகுதியையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது. பூங்காவில் எந்த ஊஞ்சல் பிடிக்கும் என்று கேட்பதில் தவறு நேர்ந்தால் பெரிய இழப்பு இல்லை. பள்ளி விட்டு வந்ததும் என்ன செய்வாய் என்று சிவகாசியில் ஒரு சிறுமியிடம் கேட்பது அத்தகையதன்று. அவளுடைய பதிலோடு குடும்பத்தின் கூலியும் சட்டமும் பாதுகாப்பும் பிணைந்துள்ளன.

நேரடிக் கேள்வியின் குறைபாடு

தமிழ்நாட்டு வகுப்பறைகளில் "புரிந்ததா?" என்ற கேள்விக்கு "புரிந்தது" என்று வகுப்பே சேர்ந்து குரல் கொடுப்பதை அனைவரும் அறிவர். அவ்விடையிலிருந்து எவருக்குப் புரிந்தது என்பதை ஆசிரியர் அறிய முடியாது. பெரியவர் கேட்டால் விடை சொல்லியாக வேண்டும் என்பதே அங்கு குழந்தை கற்றுக்கொண்ட பாடம்.

இதனை ஆய்வு முறையில் காட்டியவர்கள் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் ஆகிய உளவியலாளர்கள் ஆவர். 1980-இல் வெளியான அவர்களது ஆய்வில் ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளிடம் "பால் தண்ணீரைவிடப் பெரியதா?", "சிவப்பு மஞ்சளைவிடக் கனமானதா?" என்பன போன்ற பொருளற்ற கேள்விகள் கேட்கப்பட்டன. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் அவற்றுக்கு ஏதோவொரு விடை அளித்தனர். பலர் அவ்விடைக்குக் காரணமும் கூறினர். கேள்வியே தவறு என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. எனவே குழந்தையிடமிருந்து விடை கிடைத்துவிட்டது என்பதனாலேயே அது கருத்து ஆகிவிடாது.

இதற்கு முன்னரே, 1974-இல், ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் பியாசேயின் புகழ்பெற்ற எண்ணிக்கைச் சோதனையைச் சிறு மாற்றத்துடன் செய்து பார்த்தனர். இரு வரிசைகளில் அடுக்கிய பொருள்களில் ஒரு வரிசையைப் பெரியவர் கலைத்துவிட்டு மீண்டும் கேட்டால், எண்ணிக்கை மாறிவிட்டதாகப் பல குழந்தைகள் கூறின. அதே வரிசையைக் குறும்புக்காரக் கரடிப் பொம்மை ஒன்று கலைத்தபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று கூறியோர் தொகை வெகுவாக உயர்ந்தது. பெரியவர் ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தவறு போலும் என்று குழந்தை எண்ணிக்கொள்கிறது. பொம்மை கலைத்தால் அந்த ஐயம் எழுவதில்லை. கருத்தறிதலில் பொம்மைக்குக் கிடைத்த இடத்திற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சிவகாசிப் பின்னணி

1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் ஆகியோரால் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களும் மழை குறைந்த இக்கரிசல் வட்டாரத்திற்குப் பிழைப்பு அளித்தன. "குட்டி ஜப்பான்" என்ற பெயரும் வந்தது. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் முதலிய சுற்றுப்பகுதிகளுக்கும் தொழில் பரவியது. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டமாக உருவான பகுதியே இன்றைய விருதுநகர் மாவட்டம்.

குழந்தை உழைப்பு இத்தொழில்களின் நீண்டகாலக் களங்கமாக இருந்தது. 1983-இல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரை, இப்பகுதியில் ஏறத்தாழ 45,000 சிறுவர் சிறுமியர் வேலை செய்வதாகக் குறிப்பிட்டு நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பெட்டி ஒட்டுதல், சட்டங்களில் தீக்குச்சி அடுக்குதல், காகிதக் குழல் சுற்றுதல், சரம் பின்னுதல் போன்ற சிறு விரல்களுக்கு எளிதெனக் கருதப்பட்ட வேலைகள் அவர்களுக்குத் தரப்பட்டன. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதைத் தடை செய்தது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதல் களங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட குழந்தைகளுக்கு அத்திட்டத்தின்கீழ் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. 2021-இல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு முறை தீர்ப்பளித்தது. முதல் தீர்ப்பு (1990), சிறுவர்களை உற்பத்திப் பணியிலிருந்து விலக்கியபோதும், உற்பத்தி நடக்கும் இடத்திற்கு அப்பால் பொதி கட்டும் வேலையில் அவர்கள் ஈடுபடலாம் என்றது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் வந்த இரண்டாம் தீர்ப்பு, அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை வேலை கொடுத்தவர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது.

இவற்றின் பயனாகவும், பள்ளிகளும் சத்துணவும் பெருகியதன் பயனாகவும், ஆலைகளுக்குள் குழந்தைகள் வேலை செய்வது பெரிதும் குறைந்தது. எனினும் இவ்வரலாறு முழுவதிலும் சிவகாசிக் குழந்தைகள் எண்ணப்பட்டார்கள், ஒளிப்படம் எடுக்கப்பட்டார்கள், மீட்கப்பட்டார்கள். அவர்களின் சொல் பொதுவெளியை எட்டியது குறைவே. சலம் பென்னூர்கர் 1990-இல் இயக்கிய "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்னும் ஆவணப்படம் இத்தொழில்களில் உழன்ற சிறுவர்களின் வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தது.

"வேலை" என்னும் சொல்

இப்பகுதியில் கருத்தறிய முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் தடை மொழி சார்ந்தது. "நீ வேலைக்குப் போகிறாயா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற விடை உண்மையாகவே இருக்கலாம். தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதுதான் வேலை. மாலையில் திண்ணையில் அமர்ந்து தாயுடன் பெட்டி ஒட்டுவது "அம்மாவுக்கு ஒத்தாசை". குழந்தை பொய் சொல்லவில்லை. கேட்டவருடைய சொல்லுக்கும் குழந்தையுடைய சொல்லுக்கும் எல்லை வேறு.

சட்டமும் இக்குழப்பத்தைக் கூட்டியது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் அமர்த்துவதைத் தடை செய்தது. 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயத் தொழில்களிலிருந்து விலக்கியது. ஆனால் பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்று விலக்கும் அளித்தது. வெடிமருந்து சார்ந்த பணி இவ்விலக்கில் அடங்காது. வெறும் காகித வேலை எங்கே முடிகிறது, மருந்து சார்ந்த வேலை எங்கே தொடங்குகிறது என்பதை ஒன்பது வயதுக் குழந்தையிடம் கேட்டுத் தெளிய முடியாது.

இத்தகைய இடத்தில் நாள் கடிகாரம் எனப்படும் முறை பயன்படுகிறது. தரையில் பெரிய வட்டம் வரையப்பட்டு, குழந்தைகளிடம் ஆளுக்கு 24 புளியமுத்துகள் தரப்படுகின்றன. ஒரு முத்து ஒரு மணி நேரம். தூக்கம், பள்ளி, சாப்பாடு, விளையாட்டு, தண்ணீர் எடுத்தல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் முதலியவற்றைக் குழந்தைகளே படமாக வரைந்து வட்டத்தைச் சுற்றி வைப்பர். பிறகு முத்துகளைப் பிரித்து வைப்பர். ஒரு குழந்தை தூக்கத்திற்கு 8, பள்ளிக்கும் போக்குவரத்துக்கும் 8, குளியல் சாப்பாட்டுக்கு 2, விளையாட்டுக்கு 2, தொலைக்காட்சிக்கு 1 என்று வைத்தால் கையில் 3 முத்துகள் எஞ்சும். அவை எங்கே போகின்றன என்று எவரும் அதட்ட வேண்டியதில்லை. முத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையே யோசிக்கும். பெட்டியோ குழலோ தானாகவே படமாக வந்து சேரும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களுக்கும் அதற்குப் பிந்தைய மாதங்களுக்கும் தனித்தனி வட்டம் வரைந்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பட்டாசுத் தொழில் தீபாவளியைச் சுற்றியே இயங்குவதால் இது இங்கு இன்றியமையாதது.

இன்னொரு பயனும் உண்டு. முத்துகளை எடுத்து மாற்றி வைக்கலாம். "இப்போது நீ விரும்பியபடி வை" என்றால் எந்தக் குவியலிலிருந்து முத்து எடுக்கப்படுகிறது என்பதே குழந்தையின் கருத்து ஆகும். பெட்டிக் குவியலிலிருந்து எடுப்பார்கள் என்று பெரியவர்கள் எதிர்பார்ப்பர். பள்ளிக் குவியலிலிருந்து எடுக்கும் குழந்தையும் இருக்கக்கூடும். அந்த விடையையும் திருத்தாமல் பதிவு செய்யாவிட்டால் இம்முறைக்குப் பொருளில்லை.

விதையும் தரையும்

விதை வைத்து எண்ணுவதும் மண்ணில் ஊர்ப்படம் வரைவதும் 1980களின் இறுதியில் இந்தியாவில் வளர்ந்த பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்னும் மரபின் கருவிகள் ஆகும். இம்மரபை உலகறியச் செய்தவர்களுள் பிரித்தானிய ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் முதன்மையானவர். அவர் தம் எழுத்துகளில் எடுத்துக்காட்டும் நிகழ்வுகளுள் ஒன்று இம்மாவட்டத்தில், திருச்சுழிக்கு அருகிலுள்ள ராமசாமிபட்டியில் 1991-இல் நடந்தது. அங்கு ஊர்மக்கள் பல குழுக்களாகப் பிரிந்து, வரைபடத்தாலும் விதைகளாலும் தனித்தனியே ஊரின் மக்கள்தொகையைக் கணக்கிட்டனர். கிடைத்த தொகைகள் ஒத்துப்போயின. எழுதப் படிக்கத் தெரியாதவர் தரும் தகவல் நம்பத்தகாதது என்ற எண்ணத்தை அசைத்த நிகழ்வாக இது மேற்கோள் காட்டப்படுகிறது. அது பெரியவர்களின் கணக்கெடுப்பு எனினும், குழந்தைகளுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். தரையில் உள்ள படத்தைச் சுற்றி நின்று அனைவரும் பார்க்கலாம், திருத்தலாம், சண்டையிடலாம். தாளும் எழுதுகோலும் ஒருவர் கையில் மட்டுமே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கு வாய்ப்பான ஒரு பொருள் ஏற்கெனவே வீடுகளில் உள்ளது. பல்லாங்குழிப் பலகையில் வரிசைக்கு ஏழாக 14 குழிகள் உண்டு. ஒரு வரிசைக் குழிகளுக்குப் பள்ளியின் ஏழு கூறுகளை (கழிப்பறை, சத்துணவு, விளையாட்டுத் திடல், குடிநீர் போன்றவை) படமாக ஒட்டி, "இப்போது எப்படி உள்ளது" என்பதற்கு முத்துகளை இடச் செய்யலாம். எதிர் வரிசையில் "எது முதலில் சரியாக வேண்டும்" என்பதற்கு இடச் செய்யலாம். இங்கு முத்துகளின் எண்ணிக்கையை வரையறுப்பதா, விருப்பம்போல் அள்ள விடுவதா என்பது சிறிய முடிவாகத் தோன்றினும் விளைவை மாற்றும். அள்ள விட்டால் எல்லாக் குழிகளும் நிரம்பும். குழந்தைக்கு எல்லாமே வேண்டும். ஏழு குழிகளுக்குப் பத்து முத்துகள் மட்டும் தந்தால் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க நேரும். முன்னுரிமை அறிய வேண்டுமாயின் பின்னதே ஏற்றது.

தீப்பெட்டிப் படங்களைச் சேகரித்து அவற்றையே பணமாக வைத்து விளையாடும் வழக்கம் தமிழ்ச் சிறுவரிடையே நெடுங்காலம் இருந்தது. அப்படங்களை வாக்குச் சீட்டாகப் பயன்படுத்துவது எளிது. ஆனால் சிவகாசியில் அது பொருத்தமன்று. தொழிலை நினைவூட்டும் பொருள் விளையாட்டில் இருந்தால் விடையும் அதை நோக்கிச் சாயும். அச்சகங்களில் வெட்டி எஞ்சும் வெற்றுக் காகிதத் துண்டுகள் இவ்வூரில் எளிதாகக் கிடைப்பதால் அவையே போதுமானவை.

பிற முறைகள்

முகப்படங்கள்: இங்கிலாந்தில் ஜேனட் ரீட், ஸ்டுவர்ட் மெக்ஃபார்லேன் ஆகியோர் 2000களின் தொடக்கத்தில் கணினி மென்பொருள் பற்றிக் குழந்தைகளின் கருத்தை அறிய ஐந்து முகங்கள் கொண்ட அளவுகோலை உருவாக்கினர். அழுமூஞ்சியில் தொடங்கிப் பெருஞ்சிரிப்பில் முடியும் இவ்வளவுகோல் இன்று விமான நிலையக் கழிப்பறை வரை பரவிவிட்ட முகப்பொத்தான்களை ஒத்தது. அதன் குறையையும் அவர்களே பதிவு செய்தனர்: சிறு குழந்தைகள் பெரும்பாலும் பெருஞ்சிரிப்பு முகத்தையே தெரிவு செய்கின்றனர். ஆகவே அவர்கள் "மீண்டும் செய்வாயா?" என்று ஒவ்வொரு செயலுக்கும் கேட்கும் அட்டவணையையும், செயல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விளையாட்டையும் சேர்த்துக்கொண்டனர். பின்னர் 2016-இல் வேறு ஆய்வாளர்கள் ஐந்து முகங்களையுமே வெவ்வேறு அளவு மகிழ்ச்சி முகங்களாக மாற்றிப் பார்த்தனர். அழுமூஞ்சியை எவரும் தொடுவதில்லை எனில் அதற்கு இடம் ஏன் என்பது அவர்களின் கேள்வி.

நடைவலம்: அலிசன் கிளார்க், பீட்டர் மோஸ் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட "மொசைக் அணுகுமுறை" ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானது. குழந்தை வழிகாட்டியாக முன்னே நடக்க, பெரியவர் பின்னே செல்வார். ஒளிப்படக் கருவி குழந்தையின் கையில் இருக்கும். படங்கள், வரைபடம், உரையாடல் ஆகிய துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். எந்த ஒரு துண்டும் தனியே சான்றாகாது. சிவகாசி போன்ற ஊரில் பள்ளிக்குச் செல்லும் வழியை இம்முறையில் நடந்து பார்ப்பது பயன் தரும். ஆலைப் பேருந்துகள் விரையும் சாலை, நாய்கள் உள்ள சந்து, மருந்து நெடி வரும் இடம் ஆகியவை பெரியவர் வரையும் ஊர்ப்படத்தில் இடம்பெறுவதில்லை.

உடற்படம்: தரையில் படுத்த ஒரு குழந்தையின் உருவை மற்றவர்கள் சுண்ணக்கட்டியால் வரைவர். எங்கே வலிக்கும், எங்கே எரியும், எது மகிழ்ச்சி தரும் என்பதை அவ்வுருவில் குறிப்பர். பேசப்படுவது அந்தப் படத்தின் உடல். அதனால் கூச்சம் குறைகிறது. வீட்டில் வேலை செய்யும் குழந்தையின் முதுகும் விரல்களும் கண்களும் இவ்வாறு பேச்சுக்கு வருகின்றன. படுப்பவராகச் சிறுமியரைக் கட்டாயப்படுத்துதல் கூடாது. துணியிலோ தாளிலோ முன்பே வரைந்த உருவம் போதும்.

விடுகதையும் கதையும்: 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நடைபெற்ற அறிவொளி இயக்கம் விடுகதையையும் சொலவடையையும் கற்பித்தல் கருவிகளாக்கியது. விருதுநகரில் கல்லூரிப் பேராசிரியராகப் பணியாற்றிய ச. மாடசாமி விடுகதைகளை ஆராய்ந்தவர், வகுப்பறையில் மாணவர் குரலுக்கு இடமளிப்பது பற்றி "எனக்குரிய இடம் எங்கே?" என்ற நூலையும் எழுதினார். விடுகதையின் சிறப்பு யாதெனில், அங்கு கேள்வி கேட்பவர் குழந்தையாகவும் விடை தெரியாது விழிப்பவர் பெரியவராகவும் இருக்கலாம். "எங்கள் பள்ளியைப் பற்றி ஒரு விடுகதை போடு" என்று கேட்டால் கிடைக்கும் விடுகதைகளில் பூட்டிய கழிப்பறையும் வராத தண்ணீரும் இடம்பெறுவது இயல்பே. பாதியில் நின்ற கதையை முடித்து வைக்கச் சொல்வதும் இவ்வகையைச் சேர்ந்தது.

பொம்மை: மெக்காரிகிள் சோதனையின் கரடிபோல, ஊருக்குப் புதிதாக வந்த, எதுவும் அறியாத பொம்மை ஒன்று குழந்தைகளிடம் வழி கேட்கும். அறியாத பொம்மைக்குக் கற்பிக்கும் நிலையில் குழந்தை தாராளமாகப் பேசுகிறது. பொம்மை பெரிதாக நடிக்கத் தொடங்கினால் குழந்தைகள் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவர். அதனால் பொம்மைக்கு வாய்ப்பேச்சு குறைவாக இருத்தல் நலம்.

வடிவமைப்பில் கருத வேண்டியவை

குழு ஐந்து முதல் ஏழு பேருக்கு மிகாமல் இருப்பது நன்று. அதற்கு மேற்பட்டால் உரத்த குரலுடைய இருவர் கருத்தே குழுவின் கருத்தாகிவிடும். சிறுவரும் சிறுமியரும் தனித்தனியே விளையாடிப் பின்னர் ஒப்பிட்டால் பல வேறுபாடுகள் தெரியவரும். தம்பியைச் சுமக்கும் நேரம் சிறுமியர் வட்டத்தில் மட்டுமே காணப்படுவது அவற்றுள் ஒன்று. சாதி வாரியாகத் தெருக்கள் பிரிந்துள்ள ஊர்களில் எந்தத் தெருவில் விளையாட்டு நடக்கிறது என்பதே யார் வருவார் என்பதைத் தீர்மானித்துவிடும். பள்ளி வளாகமோ பொதுத் திடலோ ஏற்றது.

அருகில் நிற்பவர் யார் என்பதும் விடையை மாற்றும். தலைமையாசிரியர் நிற்கும்போது வைத்த முத்தும் அவர் போனபின் வைத்த முத்தும் ஒன்றாக இரா. பரிசு அறிவிப்பது பெருந்தவறு. பரிசு வந்தவுடன் சரியான விடை என்ற ஒன்று இருப்பதாகக் குழந்தைகள் முடிவு செய்துவிடுவர். "தெரியாது", "சொல்ல விரும்பவில்லை" என்பவற்றுக்கும் ஒரு குழி இருக்க வேண்டும். அந்தக் குழி எப்போதும் காலியாகவே இருந்தால், விளையாட்டை நடத்துபவர் அதனை உண்மையாக அனுமதிக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஒரே பொருளை இரு வேறு விளையாட்டுகளால் அறிந்து ஒப்பிடுவது வழக்கம். முரண்பட்டால் அதனைப் பிழையென ஒதுக்காமல் குழந்தைகளிடமே காட்டி விளக்கம் கேட்க வேண்டும். முத்துகளின் எண்ணிக்கையைவிட, முத்தை வைக்கும்போது குழந்தை முணுமுணுப்பது பெரும்பாலும் அதிகம் சொல்லும். ஆகவே நடத்துபவர் ஒருவரும் எழுதுபவர் ஒருவருமாக இருவர் தேவை. எழுதுபவர் குழந்தையின் பேச்சு வழக்கையே எழுத வேண்டும். "ஆபீசு லீவு" என்றதை "ஆலை விடுமுறை" என்று திருத்தி எழுதினால் அதன் பொருளில் பாதி போய்விடும்.

அறச்சிக்கல்கள்

இம்முறைகளின் வலிமையே இவற்றின் ஆபத்தும் ஆகும். நேரடிக் கேள்விக்கு வாய் திறக்காத குழந்தை விளையாட்டில் தன்னை மறந்து பேசிவிடுகிறது. வீட்டில் நடப்பதைக் கறக்கும் தந்திரமாக விளையாட்டைப் பயன்படுத்தினால், ஒரு வட்டமும் 24 முத்துகளும் ஒரு குடும்பத்தின் மீதான புகாராக மாறக்கூடும். பசுமைப் பட்டாசு தொடர்பாக 2018-இல் உச்ச நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடுகளுக்குப் பின் இப்பகுதியில் வேலை நாள்களைப் பற்றிய அச்சம் வீடுகள்தோறும் பேசப்பட்ட ஒன்று. ஊரை வெளியார் குறை கூற வருகிறார்கள் என்ற எச்சரிக்கை குழந்தைகளுக்கும் உண்டு. அதேவேளை, 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்ததைப் போன்ற வெடிவிபத்துகளில் உறவினரை இழந்த குழந்தைகளும் இங்கு உள்ளனர். உடற்படம் வரையும்போது அவர்களுக்கு என்ன நினைவு வரும் என்பதை முன்கூட்டி எண்ணாமல் அவ்விளையாட்டைத் தொடங்குதல் தகாது.

எனவே எதற்காகக் கேட்கிறோம், யாரிடம் சொல்வோம், யாரிடம் சொல்லமாட்டோம் என்பதைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் முதலிலேயே எளிய சொற்களில் கூறுதல் வேண்டும். "எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியை மட்டும் தரக்கூடாது. ஏனெனில் அதனைக் காக்க முடியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம் ஆகும். பிற இடர்களுக்குக் குழந்தைகள் நலக் குழுவையும் 1098 என்ற உதவி எண்ணையும் அணுகலாம். விளையாட்டைப் பாதியில் விட்டுப் போகும் உரிமை குழந்தைக்கு உண்டு. எழுந்து போன குழந்தையை "வா, வா" என்று மீண்டும் இழுத்து அமர்த்துவது நம் ஊரில் அன்பின் அடையாளமாகக் கருதப்பட்டாலும், இங்கு அது ஒப்புதலை மீறுவதே.

கருத்துக்குப் பின்

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தம்மைப் பாதிக்கும் அனைத்திலும் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைக்கு அளிப்பதோடு, அக்கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா 1992 டிசம்பரில் இதனை ஏற்றது. பிரிவின் முதற்பாதியை நிறைவேற்ற மேற்கண்ட விளையாட்டுகள் போதும். பின்பாதிக்குப் போதா. 1992-இல் ரோஜர் ஹார்ட் வரைந்த "பங்கேற்பு ஏணி"யின் அடிப்படிகளில் குழந்தைகளை ஆட்டுவித்தல், அலங்காரமாக நிறுத்துதல், பெயரளவில் சேர்த்தல் ஆகிய மூன்றும் உள்ளன. அவற்றை அவர் பங்கேற்பு என்றே ஏற்கவில்லை. வண்ணப் படங்களும் முகப்பொத்தான்களும் மேடையில் குழந்தையின் பேச்சும் இருந்து, முடிவில் எதுவும் மாறாவிடில் அது இம்மூன்றில் ஒன்றாகவே முடியும்.

கருத்தோடு அதிகாரமும் தரப்பட்ட முயற்சிகள் சில இந்தியாவில் உண்டு. கர்நாடகத்தில் 1990-இல் தோன்றிய பீமா சங்கம் உழைக்கும் சிறுவர்களே நடத்திய அமைப்பு. அவர்கள் ஊராட்சிகளிடம் தம் கோரிக்கைகளைத் தாமே முன்வைத்தனர். ராஜஸ்தானின் திலோனியா இரவுப் பள்ளிகளில், பகலில் ஆடு மேய்த்த குழந்தைகள் 1990களில் தேர்தல் நடத்திக் குழந்தைகள் பாராளுமன்றம் அமைத்துப் பள்ளிகளைக் கண்காணித்தனர். தமிழ்நாட்டிலும் குழந்தைகள் பாராளுமன்றங்கள் பல ஊர்களில் இயங்கியுள்ளன. உழைக்கும் சிறுவர்களின் சங்கம் குழந்தை உழைப்பை ஏற்பதாகாதா என்ற வாதம் பீமா சங்கத்தைச் சுற்றி இன்றும் தீரவில்லை.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2020களில் அமைக்கப்பட்ட "மாணவர் மனசு" பெட்டிகளும், 14417 என்ற கல்வி உதவி எண்ணும் குழந்தைகளின் குறைகளைப் பெறுவதற்கானவை. எழுதத் தெரிந்த, தன் கையெழுத்து அடையாளம் காணப்படும் என்று அஞ்சாத மாணவருக்கே பெட்டி பயன்படும். கீழ்வகுப்புக் குழந்தைகளுக்குப் படச் சீட்டுகளை வைப்பதும், பெட்டியை எந்நாளில் யார் திறப்பர் என்பதை வெளிப்படையாக அறிவிப்பதும் எளிய திருத்தங்கள் ஆகும்.

குழந்தைகளுக்கு விடை கூறும் காலமும் முக்கியமானது. பெரியவருக்கு மூன்று மாதம் குறுகிய காலம். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அது ஏறக்குறைய ஒரு பருவம். திடலில் வட்டம் வரைந்த அதே குழந்தைகளிடம் இரண்டு வாரத்திற்குள் திரும்பச் சென்று, எது ஏற்கப்பட்டது, எது இயலாது, ஏன் இயலாது என்று அதே வட்டத்தைத் தரையில் மீண்டும் வரைந்து கூறுவது இம்முறையில் தேர்ந்தவர்கள் பின்பற்றும் வழக்கம். தாளில் வரைந்த படங்கள் குழந்தைகளுக்கே உரியவை. படியெடுத்துக்கொண்டு மூலப் படத்தைத் திருப்பித் தர வேண்டும். மண்ணில் வரைந்த வட்டத்தில் எவர் வீட்டு மணிக்கணக்கும் கிடந்துவிடாதபடி, கிளம்பும் முன் முத்துகளை அள்ளிவிட்டுக் கோடுகளைக் குழந்தைகளையே அழிக்கச் செய்வர்.